மாற்றிப் போட்ட மெத்தை

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரும் மெத்தை விற்பவர்களாக அமைந்ததற்கு யாரும் திட்டம் போடவில்லை. பெரிய மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஸ்பிரிங் மெத்தைக் கம்பெனியில் இருந்தார். சின்ன மாப்பிள்ளை முதலில் தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் விற்றார். அது சரிப்படாமல் ஜன்னல் திரைக்கு மாறினார். நாலு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "சகலை, நானும் உங்க லைனுக்கே வந்துட்டேன்" என்றார். ஃபோம் மெத்தைக் கம்பெனி. பெரியவர் எடுத்த கவளத்தை வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டார்.

வெளிப்பார்வைக்கு இரண்டு பேரும் தேனும் பாலும்தான். "சகலை, நல்லா இருக்கீங்களா?" என்று சின்னவர் கேட்பார். "உன் புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல" என்று பெரியவர் சொல்வார். ஆனால் பெரியவர் மூன்று மாதம் அலைந்து பேசி வைத்த ஒரு ஆஸ்பத்திரி ஆர்டரைச் சின்னவர் ஒரே வாரத்தில் தட்டிக்கொண்டு போயிருந்தார். ஒரு கல்லூரி விடுதி ஆர்டரில் பெரியவர் அதற்குப் பழி தீர்த்திருந்தார். மாமனார் வேறு இருவரையும் எதிரே வைத்துக்கொண்டு, "ஏன் மாப்ள, ரெண்டுல எதுதான் நல்ல மெத்தை?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும் முன்பே காதில் இருக்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

இதில் பெரிய தலைவலி, மனைவிமார்தான். அக்காவும் தங்கையும் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள். அப்படியும் ஒரு நாளைக்கு நாலு போன். காலையில் பெரியவர் சட்டை மாட்டிக்கொண்டே மனைவியிடம் சொல்வது, மத்தியானத்துக்குள் தங்கை வழியாகச் சின்னவர் காதில் விழுந்துவிடும். அதனால் வெளியூரில் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து கடிதம் வந்ததும் பெரியவர் வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. "வெளியூர்ல டிரெயினிங். ஒரு ராத்திரி தங்கணும்" என்றார்.

அதே கடிதம் சின்னவருக்கும் வந்திருந்தது. அவர் தன் வீட்டில், "டீலர் மீட்டிங்" என்றார்.

கடிதத்தை எழுதியவர் ஹோட்டலின் ஹவுஸ்கீப்பிங் மேனேஜர், ஒரு பெண்மணி. ஹோட்டலில் நூற்றெண்பது அறை. எல்லா மெத்தையையும் மாற்றப் போகிறார்கள். 'மாதிரி மெத்தை ஒன்றை முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். நீங்களும் வந்து ஓர் இரவு தங்குங்கள். உங்கள் அறையில் மாதிரி மெத்தை போடப்பட்டிருக்கும். மறுநாள் காலை பத்து மணிக்குப் பேசுவோம்.' பெரியவர் இதை மூன்று முறை படித்தார். அறையில் போடப்படுவது யாருடைய மாதிரி என்று அதில் எழுதியிருக்கவில்லை. அது அவர் கண்ணில் படவில்லை.

பயண நாளில் மத்தியானம் ஒரு மணிக்குப் பெரியவர் ஹோட்டல் வாசலில் இறங்கினார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் தங்கியதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜ்கள். வாளிக்குக் கைப்பிடி இருந்தாலே நல்ல லாட்ஜ் என்று நினைக்கிறவர். இங்கே வாசலிலேயே சுழலும் கண்ணாடிக் கதவு. சாம்பிள் பையோடு உள்ளே நுழைந்தவர், பை மாட்டிக்கொண்டதால் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் வெளியிலேயே வந்து நின்றார். காவலாளி சல்யூட் அடித்துப் பக்கத்துச் சாதாரணக் கதவைத் திறந்துவிட்டார். "அதை டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் உள்ளே போனார்.

அறை ஐந்தாவது மாடியில். பொத்தானை அமுக்கினால் ஜன்னல் திரை தானாக விலகியது. குளியலறைக் கண்ணாடியைச் சுற்றி விளக்கு எரிந்தது. அதில் தெரிந்த முகம் அவருக்கே கொஞ்சம் மரியாதைக்குரியவர் முகமாகத் தோன்றியது. கட்டிலின் நடுவில் வெள்ளைத் துண்டை மடித்து ஒரு யானை செய்து வைத்திருந்தார்கள். தும்பிக்கை கூட இருந்தது. மனைவிக்கு இதைக் காட்டாமல் எப்படி இருப்பது? படம் எடுத்து அனுப்பினார். 'டிரெயினிங் சென்டர்ல எப்படி வெச்சிருக்காங்க பாரு.'

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த மறுகணமே அவருடைய பின்பக்கத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருட அனுபவம் இல்லையா? ஸ்பிரிங் என்றால் உட்கார்ந்ததும் கீழிருந்து ஒரு பதில் வரும். இதில் பதிலே இல்லை. அமைதியாக உள்ளே வாங்கிக்கொண்டது. அவர் எழுந்து, யானையை மரியாதையாக நாற்காலியில் இறக்கி வைத்து, கால்மாட்டில் விரிப்பை உருவிப் பார்த்தார். ஆரஞ்சு நிறச் சீட்டு. ஃபோம் கம்பெனியின் பெயர்.

"அட பாவி!" என்றார் வாய்விட்டு. அந்தக் கம்பெனி சார்பில் இந்த வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறவர் ஒரே ஆள்தான். அந்த ஆளின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது இவர்.

விஷயத்தை விசாரிக்க அறைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அதே நேரம் பக்கத்து அறைக் கதவும் திறந்தது. கோட்டு போட்டு, கழுத்துப்பட்டை கட்டி, காலில் ஹோட்டல் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்போடு சின்ன மாப்பிள்ளை வெளியே வந்து நின்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சுதாரித்தவர் சின்னவர்.

"அடடே, சகலை! நீங்க எங்க இங்க?"

"டிரெயினிங். நீ?"

"டீலர் மீட்டிங்."

"எத்தனை டீலர்?"

"ஒரு... நாப்பது பேர். உங்க டிரெயினிங்ல?"

"நாங்க அறுபது பேர்."

அந்த நீண்ட நடைவழியில் அவர்கள் இருவரைத் தவிர ஈ காக்காய் இல்லை. கம்பளத்தைச் சுத்தம் செய்கிற எந்திரம் மட்டும் தூரத்தில் எங்கோ முனகியது.

"ரூம் வசதியா இருக்கா?" என்றார் பெரியவர்.

"பிரமாதம். உங்களுக்கு?"

"அருமை."

"அப்ப சரி."

"சரி."

இரண்டு கதவும் ஒரே சமயத்தில் சாத்தப்பட்டன. பெரியவர் கதவில் சாய்ந்து நின்று யோசித்தார். என் அறையில் அவன் மெத்தை என்றால், அவன் அறையில் என் மெத்தை. ஆட்கள் மெத்தையை அறை மாற்றிப் போட்டுவிட்டார்கள். சொல்லித் திருத்திவிடலாமா என்று ரிசப்ஷனுக்கு போன் செய்யக் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். எதற்குத் திருத்த வேண்டும்? நாளைக்குப் பத்து மணிக்குப் போய், "மேடம், தவறுதலா எதிராளியோட மெத்தை என் ரூமுக்கு வந்துருச்சு. ராத்திரி முழுக்க நரக வேதனை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? தானாக வந்து மடியில் விழுந்த வாய்ப்பு. யாராவது திருப்பி அனுப்புவார்களா?

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவரும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஊரில் இதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. யானைப் படத்தைப் பார்த்து மயங்கிப்போன அக்கா, அதை உடனே தங்கைக்கு அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் தங்கையிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே யானை. அதே கட்டில். நாற்காலி மட்டும் இடப்பக்கம் இருந்தது.

அக்கா போன் போட்டாள். "ஏண்டி, நான் அனுப்புன படத்தையே எனக்குத் திருப்பி அனுப்புறே?"

"ஐயோ அக்கா, இது எங்க வீட்டுக்காரர் அனுப்புனது. டீலர் மீட்டிங்ல வெச்சிருக்காங்களாம்."

"எங்க வீட்டுக்காரர் டிரெயினிங்னு போனாரு."

இரண்டு பேரும் இரண்டு படத்தையும் மறுபடி திறந்து பார்த்தார்கள். அப்புறம் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். தங்கை சிரித்துச் சிரித்து, அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டாள்.

"கேட்டுரலாமா அக்கா?"

"சும்மா இரு. கேட்டா என்ன ருசி இருக்கு? எவ்வளவு தூரம் போறாங்கன்னு பார்ப்போம்."

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரியவரின் அறைக் கதவைத் தட்டியது ஹவுஸ்கீப்பிங் மேடம். ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறப் புடவை, இடுப்பில் சாவிக் கொத்து, நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்த கண்ணாடி. அறைக்குள் நுழையும்போதே பார்வை மூலைக்கு மூலை போய் வந்தது.

"எல்லாம் வசதியா இருக்கா சார்?"

"ஒரு குறையும் இல்ல மேடம்" என்றார் பெரியவர், கலைந்துபோன கால்மாட்டை மறைத்து நின்றபடி.

மேடம் அவரைச் சுற்றி நடந்துபோய், உருவிக் கிடந்த விரிப்பை ஒரே இழுப்பில் சரிசெய்து செருகினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த யானையையும் பார்த்தார். "காலையில பத்து மணிக்குச் சந்திப்போம். நல்லாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் உதட்டோரம் எதற்காக அப்படித் துடித்தது என்று பெரியவருக்குப் புரியவில்லை.

சாப்பிட்டு வந்ததும் பெரியவர் வேலையை ஆரம்பித்தார். எதிராளியின் மெத்தையில் உள்ள குறைகளை வரிசையாக எழுதி, நாளைக்கு மேடத்தின் மேஜையில் வைக்க வேண்டும். நோட்டு, பேனா எடுத்தார். ஒவ்வொரு பக்கமாக ஐந்து நிமிடம் படுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்து கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்தார். இடது பக்கமாகப் படுத்து, 'ஒன்று: இடது பக்கம் திரும்பிப் படுத்தால்' என்று எழுதினார்.

அதற்கு மேல் எழுதவில்லை.

கண்ணைத் திறந்தபோது திரைக்கு வெளியே பளிச்சென்று வெயில். மணி ஏழு நாற்பது. எழுப்பச் சொல்லி வைத்திருந்த போன் ஆறு மணிக்கு ஒரு தடவை, ஆறே காலுக்கு ஒரு தடவை அடித்து ஓய்ந்திருந்தது. இப்போது அடித்துக்கொண்டிருந்தது அவருடைய செல்போன். மனைவி.

"என்னங்க, எழுந்தாச்சா? புது இடமாச்சே, தூக்கம் வந்துச்சா?"

அந்தக் குரலில் அக்கறை சொட்டியது. தூக்கக் கலக்கத்தில் பெரியவருக்கு நாக்கில் கட்டுப்பாடு இல்லை.

"அத ஏன் கேக்கற! பத்து வருஷமாச்சு நான் இப்படித் தூங்கி. காலையில எழுந்தா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேனே, அந்த வலி போன இடம் தெரியல!"

"அப்படியா? அவ்வளவு நல்ல மெத்தையா?"

"மெத்தை... அது வந்து, பரவாயில்ல" என்று பெரியவர் இழுத்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அக்கா போனை வைத்த கையோடு தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை அப்போதுதான் தன் வீட்டுக்காரரோடு பேசி முடித்திருந்தாள். அவரும் கொட்டாவிக்கு நடுவே, "அம்மா மடியில படுத்த மாதிரி இருந்துச்சு. காலையில ரூமுக்கு வரச் சொன்ன காபியைக் கொண்டுவந்து மூணு தடவை கதவைத் தட்டுனாங்களாம், எனக்குத் தெரியவே இல்ல" என்று உளறியிருந்தார். சகோதரிகள் சரக்கைக் கைமாற்றிக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் அக்கா தன் கணவருக்கும், தங்கை தன் கணவருக்கும் மறுபடி போன் செய்தார்கள். "என்னமோ உங்க சகலை இப்படிச் சொன்னாராம்" என்று ஒன்றும் தெரியாதவர்கள் போல ஒப்பித்தார்கள்.

அவளுக்கு எப்படி இது தெரியும், நாம் ஒரே இடத்தில் இருப்பது தெரிந்துவிட்டதா என்று இரண்டு பேருமே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கைக்குக் கிடைத்த ஆயுதத்தின் பளபளப்பில் கண் கூசிப்போயிருந்தது.

காலைச் சாப்பாட்டு ஹாலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெரியவர் கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவக்க வைத்திருந்தார். சின்னவர் நிமிடத்துக்கு ஒரு கொட்டாவி விட்டார்.

"என்ன சகலை, தூக்கம் இல்லையோ?" என்றார் சின்னவர்.

"பொட்டுத் தூக்கம் இல்ல. உனக்கு?"

"நான் ராத்திரி பூரா மேல இருக்கற விளக்கை எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"எத்தனை விளக்கு?"

"ம்... ஏழு."

"என் ரூம்ல ஆறுதான் இருக்கு."

"சகலை, கன்னத்துல என்ன நீலமா ஒரு கோடு?"

பெரியவர் தடவிப் பார்த்தார். மூடாத பேனாவின் மேல் கன்னத்தை வைத்து விடிய விடியத் தூங்கிய அடையாளம். "ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கிட்டே இருந்தேன்" என்றார். "உன் கன்னத்துல மட்டும் என்ன, தலகாணி உறையோட பூ வேலைப்பாடு அப்படியே பதிஞ்சிருக்கு?"

"அது... அலர்ஜி."

பத்து மணிக்கு முதல் மாடியில் ஒரு சின்ன மீட்டிங் அறைக்கு வரச் சொன்னார்கள். தனித்தனியாகக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் போனவர்கள், கதவருகே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். மேடம் மட்டும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க சார். வேற எதுவும் பேசறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி. நேத்து எப்படித் தூங்கினீங்க?"

"மனசைத் திறந்து சொல்றேன் மேடம்" என்று பெரியவர் முந்திக்கொண்டார். "கண்ணே மூடல. உங்க ஆளுங்க தவறுதலா இவரு கம்பெனி மெத்தையை என் ரூம்ல போட்டுட்டாங்க. அதுல படுத்தா கிணத்துல இறங்குன மாதிரி. ஏறி வர்றதுக்கு ஏணி வேணும்."

"என் ரூம்ல இவரு மெத்தை மேடம்!" என்றார் சின்னவர். "புரண்டு படுத்தா உள்ள ஒவ்வொரு ஸ்பிரிங்கும் எழுந்து வணக்கம் சொல்லுது. எங்க தூங்க?"

மேடம் இரண்டையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். "தவறுதலா இல்ல சார். நான்தான் மாத்திப் போடச் சொன்னேன். தன் சரக்குல படுத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்ல யாராலயும் முடியும். அடுத்தவர் மெத்தையில நீங்க எப்படித் தூங்கறீங்கன்னுதான் நான் பார்க்கணும். விஷயம் தெரிஞ்சவங்க சொல்ற குறைதானே உண்மையான குறை? அப்ப, ரெண்டு பேருமே தூங்கல. ரெண்டு மெத்தையும் வேண்டாம்னு எழுதிக்கறேன்."

அவர் மறுபடி பேனாவை எடுத்ததைப் பார்த்ததும் இரண்டு பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள்.

"இவரு பொய் சொல்றாரு மேடம்!" என்று பெரியவர் எழுந்தேவிட்டார். "என் மெத்தையில இவரு அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கியிருக்காரு. அம்மா மடியில படுத்த மாதிரி இருந்துச்சுன்னு காலையில பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்காரு!"

"ஓகோ! இடுப்பு வலி போன இடம் தெரியலன்னு சொன்னது யாரு? பத்து வருஷமா இப்படித் தூங்கலன்னு சொன்னது யாரு? என் மெத்தையில படுத்து எழுந்து சொன்னதுதானே?"

"நான் சொன்னது வேற அர்த்தத்துல!"

"இடுப்புக்கு எத்தனை அர்த்தம் இருக்கு?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். நெற்றிக் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம். இவரு வீட்டுல சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வீட்டுல சொன்னது இவருக்கு எப்படித் தெரியும்?"

எழுந்து நின்ற பெரியவர் மெல்ல உட்கார்ந்தார்.

"நாங்க..." என்றார் சின்னவர், கழுத்துப்பட்டையைத் தளர்த்தியபடி, "சகலைங்க மேடம்."

மேடத்துக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. இருபத்தைந்து வருட ஹோட்டல் உத்தியோகத்தில் விருந்தினர் முன்னால் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "உங்க மனைவிங்ககிட்ட நான் பேசணும். போன் போடுங்க" என்றார்.

பெரியவர் போனை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"என்னங்க, டிரெயினிங் முடிஞ்சுதா?" என்றாள் மனைவி. "பக்கத்துல உங்க சகலை இருப்பாரே, அவரோட டீலர் மீட்டிங் முடிஞ்சுதான்னு கேளுங்க." பின்னாலிருந்து தங்கையின் சிரிப்பு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து இந்த போனுக்காகவே காத்திருந்தார்கள்.

"உனக்கு... எப்ப தெரியும்?"

"நேத்து மத்தியானமே தெரியும். பொய் சொல்றவங்க ஒரே யானையை ரெண்டு வீட்டுக்கும் அனுப்பக் கூடாதுங்க."

மேடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். மரியாதையாக விசாரித்துவிட்டு, "ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுல நீங்க எந்த மெத்தையில படுக்கறீங்க?" என்று கேட்டார்.

"மெத்தையா?" என்றாள் அக்கா. "ஷோரூம்ல வர்றவங்க போறவங்க எல்லாம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து நடுவுல பள்ளம் விழுந்த ஒண்ணு இருக்கு மேடம். விக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. அந்தப் பள்ளத்துல அவரு விழுவாரு, நான் அவரு மேல விழுவேன். அவரு இடுப்பு வலிக்கு அதுதான் காரணம்."

"எங்க வீட்டுல மூணு சாம்பிள் துண்டை ஒட்டவெச்சது மேடம்" என்றாள் தங்கை. "ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு உயரம். தலை மேட்டுல, வயிறு பள்ளத்துல, காலு மறுபடி மேட்டுல."

இரண்டு மாப்பிள்ளைகளும் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்மத்தில் முதல் தடவையாக ஒருவருக்கொருவர் கொஞ்சம் பரிதாபமும் பட்டார்கள்.

மேடம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "இவங்க சொல்றதை நான் நம்பத் தயாரா இல்ல. நீங்க ரெண்டு பேரும் வாங்கம்மா. எங்க செலவுல ஒரு ராத்திரி தங்குங்க. ஒரு கட்டில்ல அது, ஒரு கட்டில்ல இது. நீங்க சொல்றதை வெச்சுதான் முடிவு எடுப்பேன்."

அடுத்த சனிக்கிழமை அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு புதுப் பெட்டியோடு கிளம்பிப் போனார்கள். நாலு குழந்தைகளையும் பெரியவர் வீட்டில் விட்டுவிட்டு, மாப்பிள்ளைகள் இருவரையும் காவலுக்கு வைத்தார்கள். சின்னவர் சமையலறையில் வாணலியைக் கருக்கினார். பெரியவர் ஒரு குழந்தைக்கு இரண்டு தடவை தலை பின்னிவிட்டு, அப்புறம் அது பையன் என்று கண்டுபிடித்தார். அப்படியும் இருவருக்கும் கவனமெல்லாம் ஹோட்டலிலேயே இருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு போன் வந்தது. இரண்டு தலையும் ஒரே போனில் முட்டிக்கொண்டன.

"மெத்தை எப்படி இருந்துச்சு?" என்றார் பெரியவர்.

"யாரோடது நல்லா இருந்துச்சு?" என்றார் சின்னவர்.

"படுத்தாதானே தெரியும்?" என்றாள் அக்கா. "கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் தனியா ஒரு ராத்திரி இருந்ததே இல்ல. உட்கார்ந்து பேசிக்கிட்டே இருந்தோம், விடிஞ்சிருச்சு."

"ரெண்டு கட்டில்லயும் உட்கார்ந்தீங்களா?"

"ஒண்ணுலதான். இன்னொண்ணுல பெட்டியை வெச்சிருந்தோம்."

"எதுல உட்கார்ந்தீங்க, எதுல பெட்டி வெச்சீங்க?" என்று சின்னவர் கத்தினார்.

"அதெல்லாம் யாரு பார்த்தா?"

"அப்ப மேடம்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"எழுதியே குடுத்தாச்சு" என்றாள் தங்கை. "அது எங்களுக்கும் மேடத்துக்கும் நடுவுல. நீங்க குழந்தைங்களுக்குச் சாப்பாடு குடுங்க." போன் அணைந்தது.

பத்து நாள் கழித்து ஹோட்டலிலிருந்து இரண்டு கம்பெனிக்கும் கடிதம் வந்தது. தொண்ணூறு அறைக்கு ஸ்பிரிங், தொண்ணூறு அறைக்கு ஃபோம். தங்க வருகிறவர்கள் வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம். இரண்டு கடிதத்திலும் கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது: சரக்கோடு சேர்த்து, புத்தம் புதிய மெத்தை ஒன்றைக் கீழ்க்கண்ட வீட்டு முகவரிக்குக் கட்டணமின்றி அனுப்ப வேண்டும். ஸ்பிரிங் கம்பெனிக்கு வந்த கடிதத்தில் சின்னவர் வீட்டு முகவரி. ஃபோம் கம்பெனிக்கு வந்ததில் பெரியவர் வீட்டு முகவரி.

"இதையா எழுதிக் குடுத்தீங்க?" என்று பெரியவர் மனைவியிடம் எகிறினார். "என் வீட்டுல அவன் கம்பெனி மெத்தையா? ஆபீஸ்ல தெரிஞ்சா என் மானம் என்ன ஆகும்?"

"வேண்டாம்னா நீங்க பழைய பள்ளத்துலயே படுத்துக்கங்க" என்றாள் அவள். "அதை அந்த ரூம்ல போட்டிருக்கேன்."

பெரியவர் முறைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டு, பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, வேறு வழியே இல்லாதவர் போல எழுந்து போய்ப் புது மெத்தையில் படுத்தார்.

அந்த வாரம் மூன்று நாள் பெரியவர் ஆபீசுக்குத் தாமதமாகப் போனார். மேலதிகாரி கேட்டதற்கு, வழியில் டிராஃபிக் என்றார்.